வளைகிற அச்சு

(மணவாளக்குறிச்சியில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று காலையில் கடைத்தெருவில் ஒரு அண்ணாச்சி என்னை நிறுத்திக் கேட்டார்: "நம்ம ஊர்ல ரயிலே கிடையாது, ரயில் இன்ஜினைப் பத்திப் பேசப்போறேன்னு நோட்டீஸ் போட்டிருக்கே?" நியாயமான கேள்வி. நாம் ரயில் ஏற வேண்டுமானால் இரணியலுக்குப் போக வேண்டும். நாஞ்சில் நாட்டுக்கு ரயில் வந்ததே 1979இல்தான். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் அந்த வருடம் இணைந்தன. திருநெல்வேலிப் பாதை 1981இல். அதுவரைக்கும் ரயில் பார்க்காமலே கண்மூடிய ஆட்கள் நம் குடும்பங்களில் உண்டு. என் பாட்டி ஒருத்தி.

ஆனாலும் நான் பேச வந்த கதைக்கு நம் ஊரில் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வழியாகவே உள்ளே போகிறேன்.

மண்டைக்காட்டுக் கொடைக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு போன காலம் இங்கே பலருக்கும் நினைவிருக்கும். அந்த விளக்கின் நடுவில் வெள்ளைத் துணிப்பை போல ஒன்று தொங்குமே, மேண்டில். தொட்டால் பொடியாக உதிரும். எரிந்த பிறகு அது துணி இல்லை. தோரியம் ஆக்சைடும் கொஞ்சம் சீரியம் ஆக்சைடும் சேர்ந்த சாம்பல் வலை. ஆஸ்திரியாவில் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் என்ற வேதியியல் அறிஞர் கண்டுபிடித்தது. உலகத்து ஊர்கள் எல்லாம் கேஸ் விளக்கு எரித்த காலத்தில் இந்த மேண்டிலுக்குத் தோரியம் மூட்டை மூட்டையாக வேண்டியிருந்தது. பிரேசில் கடற்கரை மணலிலிருந்து போய்க்கொண்டிருந்தது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்துப் பார்த்தார். மோனசைட் இருந்தது. பிரேசில் மணலில் இருந்ததைவிட இதில் தோரியம் கூடுதல். கயிற்றின் தடம் பிடித்து வந்து, அடுத்த வருடமே இங்கே, இதே மணவாளக்குறிச்சியில், மணல் பிரிக்கும் ஆலையைத் தொடங்கினார். முதல் உலகப் போர் வந்தது, உளவாளி என்று சொல்லி அவரைக் கைது செய்தார்கள், லண்டன் கம்பெனி ஒன்று ஆலையை எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நிறுவனம். அந்த மணலால் நம் கரைக்கு வந்த நன்மையும் வேதனையும் தனிப் பேச்சு. பேச வேண்டிய பேச்சு. இன்றைக்கு என் கவனம் வேறிடத்தில்.

பெட்ரோமாக்ஸ் விளக்கைச் செய்தது பெர்லின் நகரத்துக் கம்பெனி. அதே பெர்லினில் இன்னொரு கம்பெனி இருந்தது. ஷோம்பர்க் நம் கரைக்கு வருவதற்குச் சில வருடம் முன்னால், அந்தக் கம்பெனி நான்கு குட்டி இன்ஜின்களைச் செய்து பம்பாய்ப் பக்கத்து மலை ஒன்றுக்கு அனுப்பியது. நான்கே நான்கு. எழுபத்தைந்து வருடம் ஓடின. நான் ரயில்வே பணிமனையில் பிட்டராகக் காலம் கழித்தவன். கையில் எத்தனையோ இன்ஜினைப் பார்த்திருக்கிறேன். மனதில் நின்றது என் கைக்கு வராத இந்த நான்குதான்.

மாதேரான் என்று ஒரு மலை. மும்பையிலிருந்து புனே போகிற வழியில் நேரல் நிலையம். அங்கிருந்து ஏற வேண்டும். உயரம் ஏறத்தாழ 800 மீட்டர், நம்ம மருத்துவாமலையை எடுத்து மூன்று தடவை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாற்போல. பம்பாயின் பெரிய வணிகர் சர் ஆதம்ஜி பீர்பாய் பணம் போட்டார், மகன் அப்துல் உசேன் முன்னின்று கட்டினார். 1904இல் வேலை தொடங்கி 1907 மார்ச்சில் ரயில் ஓடிவிட்டது. செலவு 16 லட்சம் ரூபாய். நம் நாட்டு மலை ரயில்களில் இந்தியக் குடும்பம் ஒன்று தன் கைப்பணத்தில் கட்டிய பாதை என்பதால் இதற்கு என் நெஞ்சில் தனி இடம் உண்டு. ஊட்டிக்கும் சிம்லாவுக்கும் பாதை போட்டதற்கு ஒரு காரணம், துரைமார்கள் கோடையில் அங்கே போனார்கள். பீர்பாய் குடும்பத்துக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை.

பாதை இரண்டடி அகலம். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு சின்னப் பிள்ளை குறுக்கே படுத்தால் தலையும் காலும் இடிக்கும், அவ்வளவுதான். நீளம் இருபது கிலோமீட்டர் சொச்சம். இருபது அடி நடந்தால் ஓர் அடி ஏற வேண்டிய சாய்வு. அதைவிடக் கஷ்டம் வளைவுகள். மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போகிற பாதை அது. ஒரு வளைவு முடிவதற்குள் எதிர்ப்பக்கம் இன்னொன்று தொடங்கும்.

இப்போது பிரச்சினையைச் சொல்கிறேன். சுசீந்திரம் தேரோட்டம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நேர்த் தெருவில் வடம் பிடித்து இழுத்தால் தேர் ஓடிவிடும். மூலைக்கு வந்ததும் என்ன ஆகிறது? கட்டை போடுகிறவர்கள் ஓடி வருகிறார்கள், இந்தப் பக்கம் முட்டுக் கொடுக்கிறார்கள், அந்தப் பக்கம் தள்ளுகிறார்கள், தேர் முனகிக்கொண்டு இஞ்ச் இஞ்சாகத் திரும்புகிறது. காரணம், தேரின் அச்சுகள் அசையாதவை. ஒன்றுக்கொன்று இணையாகவே நிற்கும். ரயில் இன்ஜினின் அச்சுகளும் அப்படித்தான். சிலிண்டரிலிருந்து வருகிற விசையை எல்லாச் சக்கரத்துக்கும் பங்கிட வேண்டி, வெளிப்பக்கம் இரும்புத் தண்டால் அச்சுகளை இணைத்திருக்கும். சைடு ராடு என்போம். இணைத்துவிட்டால் அச்சு திரும்பாது.

இரண்டு அச்சு என்றால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சமாளிக்கலாம். டார்ஜிலிங் இன்ஜின் அப்படி. நான்கு சக்கரம், குட்டையான உடம்பு, சுற்றி வந்துவிடும். ஆனால் சின்னத் தண்டவாளம் தாங்கும் பாரத்துக்கு அளவு உண்டு. ஓர் அச்சில் இவ்வளவுதான் ஏற்றலாம். மலையேற்றத்தில் சக்கரம் வழுக்காமல் பிடிக்க வேண்டுமென்றால் பாரம் வேண்டும். பாரம் கூட்ட வேண்டுமென்றால் அச்சைக் கூட்ட வேண்டும். அச்சைக் கூட்டினால் வளையாது. மூன்று முனையிலும் மாட்டிக்கொண்ட நிலைமை. டார்ஜிலிங்கில் இன்ஜினின் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து தண்டவாளத்தில் மணல் தூவிக்கொண்டே போவார்கள், வழுக்காமலிருக்க. ஒரு கை மணலின் மதிப்பு இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் நீலகிரிக்காரர்கள் வேறு விதமாக முடித்தார்கள். அங்கே சாய்வு பன்னிரண்டுக்கு ஒன்று. வெறும் சக்கரப் பிடிப்பில் ஏறுவது கனவிலும் நடக்காது. நடுவில் பல் தண்டவாளம் போட்டு, இன்ஜினில் பல் சக்கரம் வைத்துக் கடித்துக் கடித்து ஏறுகிறது. சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரத்தில் செய்த எக்ஸ் வகை இன்ஜின். நான்கு சிலிண்டர்: இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பல் சக்கரத்துக்கு. முதல் இரண்டில் வேலை செய்த நீராவி அடுத்த இரண்டிலும் போய் வேலை செய்யும். அதன் அழகைச் சொல்ல இன்னொரு சாயங்காலம் வேண்டும். பொன்மலைப் பணிமனையில் நம் ஆட்கள் அந்த எக்ஸ் இன்ஜினைப் புதிதாகவே செய்து 2011 முதல் மலைக்கு அனுப்பினார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். நீராவி இன்ஜின் செய்வதை உலகம் பெரும்பாலும் விட்டுவிட்ட காலத்தில் செய்தது அது.

மாதேரானுக்கு வருவோம். அந்த நான்கு இன்ஜினையும் வடிவமைத்தவர் எவரார்ட் கால்த்ரோப் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். பண்டரிபுரம் பக்கம் பார்சி லைட் ரயில்வேயை 1897இல் ஓடவிட்டவர். குறுகலான பாதையிலும் கனமான சரக்கு ஏற்றலாம், அச்சுக்கு அச்சு பாரத்தைச் சமமாகப் பிரித்தால் போதும் என்பது அவர் கட்சி. பின்னாளில் இதே மனிதர் விமானிகள் குதித்துத் தப்பிக்கப் பாராசூட் செய்தார்; அதற்கு 'காவல் தேவதை' என்று பெயர் வைத்தார். கனத்தை எப்படி இறக்குவது, எப்படி ஏற்றுவது என்பதிலேயே ஆயுள் முழுக்க மூளை ஓடிய ஆள்.

இன்ஜினைச் செய்தது ஓரன்ஸ்டைன் அண்டு கோப்பல். பென்னோ ஓரன்ஸ்டைன், ஆர்தர் கோப்பல் என்ற இரண்டு பேர் 1876இல் பெர்லினில் தொடங்கிய கம்பெனி. வயலிலும் சுரங்கத்திலும் தோட்டத்திலும் போட்டு எடுக்கிற தண்டவாளம், குட்டித் தள்ளுவண்டி, அதை இழுக்கக் குட்டி இன்ஜின் — இதுதான் தொழில். இன்ஜின் கூடம் பெர்லினை ஒட்டிய போட்ஸ்டாம் பக்கத்தில், ட்ரேவிட்ஸில் இருந்தது. பாட்டியாலா மகாராஜாவின் ஒற்றைத் தண்டவாள ரயிலுக்கும் 1907இல் நான்கு இன்ஜின் செய்து கொடுத்தவர்கள் இவர்களே. ஒரு தண்டவாளத்தில் சக்கரம், சாயாமலிருக்க பக்கத்து ரோட்டில் இன்னொரு சக்கரம். அதில் ஒன்று டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இன்னும் ஓடும் நிலையில் இருக்கிறது. பிள்ளைகள் டெல்லி போனால் விட்டுவிடாதீர்கள்.

மாதேரான் இன்ஜின் டாங்க் இன்ஜின். பெரிய இன்ஜின்களுக்குப் பின்னால் டெண்டர் என்று தனி வண்டி, கரியும் தண்ணீரும் அதில். டாங்க் இன்ஜினுக்கு அது கிடையாது. பாய்லரின் இரண்டு பக்கத்திலும் தொட்டி. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிற பெண்பிள்ளை போல, தண்ணீரைத் தன் உடம்பிலேயே சுமக்கும். இதில் ஒரு லாபம் இருக்கிறது. தண்ணீரின் கனமும் சக்கரத்தின் மேலேயே இறங்குவதால் பிடிப்புக் கூடும். நஷ்டமும் உண்டு. ஏற ஏறத் தண்ணீர் குறையும், கனம் குறையும், பிடிப்பும் குறையும். பாதி மலையில் ஒரு நிலையத்துக்கு வாட்டர் பைப் என்றே பெயர். இன்ஜின் அங்கே நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போகும். இன்ஜின் போய்விட்டது, பெயர் இருக்கிறது.

இனி அச்சு. நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான்.

ஆறு சக்கரம், மூன்று அச்சு. மூன்றும் சைடு ராடால் இணைந்தவை. இருந்தும் வளையும். எப்படி? ஜெர்மனியின் சாக்சனி அரசு ரயில்வேயில் கிளீன், லிண்ட்னர் என்று இரண்டு பொறியாளர்கள். அவர்கள் சொன்ன யோசனை: அச்சை இரண்டாகச் செய், ஒன்றை இன்னொன்றுக்குள் வை.

தாய்மார்களே, புட்டுக்குழலை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய மூங்கில் குழல். அதற்குள் புட்டைத் தள்ளுகிற கம்பு. குழல் கம்பைவிடக் கொஞ்சம் அகலம், அதனால் கம்பை நேராகப் பிடித்துக்கொண்டு குழலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் ஆட்டலாம். கிளீன்–லிண்ட்னர் அச்சில் உள்ளே இருக்கிற கம்புதான் இன்ஜினின் சட்டத்தோடு நேராக நிற்கிற அச்சு. சைடு ராடு அதைச் சுழற்றும். சக்கரம் பூட்டியிருப்பது வெளிக்குழலில். கம்பின் நடுவில் நம் தோள்மூட்டு போல ஓர் உருண்டை, அதன் குறுக்கே ஒரு ஆணி. உள்ளே கம்பு சுற்றினால் ஆணி குழலையும் சேர்த்துச் சுற்றும். ஆனால் வளைவு வரும்போது உருண்டையின் மேல் குழல் சாய்ந்து கொடுக்கும். சக்கரம் தண்டவாளம் போகிற திசைக்குத் திரும்பிக்கொள்ளும். விசை அறுந்துபோகாது. முன் அச்சும் பின் அச்சும் இப்படி. நடு அச்சு நிலையானது.

இதை முதன்முதலில் வரைபடத்தில் பார்த்தபோது நான் சின்னப் பையன், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பழைய புத்தகத்தில் ஒரு படம். அன்று ராத்திரி தூங்கவில்லை. பிடிவாதமாக நிற்கவேண்டியது உள்ளே நிற்கிறது, வளைய வேண்டியது வெளியே வளைகிறது, இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு ஆணி. இதைப் படைத்தவன் மலையைக் கும்பிட்டவனாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சாக்சனி மலைப்பாங்கான சீமை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இதே அச்சுக்கு வேறொரு வாழ்க்கையும் உண்டு, மறைக்கக் கூடாது. ஜெர்மன் ராணுவம் போர்முனைக்குக் குண்டும் ரொட்டியும் கொண்டுபோக இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த, 600 மில்லிமீட்டர் பாதைகளை ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டது. அந்தப் பாதையில் ஓட எட்டுச் சக்கரத்து டாங்க் இன்ஜின் ஒன்றை வடிவமைத்தார்கள். பிரிகேட் இன்ஜின் என்று பெயர். முதல் அச்சும் கடைசி அச்சும் கிளீன்–லிண்ட்னர். 1905 முதல் 1919 வரை 2500க்கும் மேல் செய்தார்கள். செய்த கம்பெனிகளில் ஓரன்ஸ்டைன் அண்டு கோப்பலும் ஒன்று. பம்பாய்க் குடும்பங்கள் கோடைவிடுமுறைக்கு ஏறிப் போன அதே மூட்டு, ஐரோப்பாவில் பீரங்கிக் குண்டு சுமந்தது, திரும்பும்போது காயம்பட்டவனைச் சுமந்தது. கண்டுபிடித்த இரண்டு பேரும் இதை நினைத்துச் செய்தார்களா என்று கேட்பதில் பயனில்லை. இரும்புக்கு எதிரி யார் என்று தெரியாது.

1914இல் போர் தொடங்கியதும் ஷோம்பர்க்குக்கு இங்கே என்ன ஆனதோ அதன் இன்னொரு பக்கம் மாதேரானில் நடந்தது. இன்ஜின் பிறந்த நாடு எதிரி நாடு. பெர்லினுக்குக் கடிதம் எழுதி ஓர் உதிரிப்பாகம் வரவழைக்க வழியில்லை. நான்கே இன்ஜின். ஒன்று படுத்தால் கால்வாசி சேவை படுத்துவிடும். கிளீன்–லிண்ட்னர் அச்சோ பராமரிப்புக் கேட்கிற சாதனம். அந்த உருண்டை குழலுக்குள் இருக்கிறது; எண்ணெய் போய்ச் சேருவதே கஷ்டம். தேய்ந்தால் வெளியே தெரியாது, கழற்றினால்தான் தெரியும். கழற்றுவதென்றால் சக்கரத்தோடு மொத்தத்தையும் இறக்க வேண்டும். தேய்ந்த உருண்டையை அளந்து, அதே வளைவில் புதிதாகக் கடைந்து, தலைமயிர் அளவு பிசகாமல் பொருத்த வேண்டும். பெரிய நாடுகளில் பல ரயில்வேக்கள் இந்தத் தொல்லை வேண்டாமென்று இந்த அச்சைக் கைவிட்டன. மாதேரான் மலையில் கைவிடவில்லை.

இரண்டாவது போர் வந்தது. அதற்குள் அந்தக் கம்பெனிக்கே கேடு வந்துவிட்டது. ஓரன்ஸ்டைன் யூதர். அவர் 1926இல் காலமானார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு கம்பெனி அந்தக் குடும்பத்தின் கையிலிருந்து பறிக்கப்பட்டது. 1940இல் ஓரன்ஸ்டைன், கோப்பல் என்ற பெயர்களையே நீக்கி வேறு பெயர் சூட்டினார்கள். ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். பெர்லினில் தொழிற்சாலை வாசலில் இருந்து அந்தப் பெயரைப் பெயர்த்தெடுத்த நாட்களில், மாதேரான் மலையில் அவர்கள் செய்த இன்ஜின்கள் தினமும் கூவிக்கொண்டு ஏறின. போர் முடிந்ததும் ட்ரேவிட்ஸ் கூடம் கிழக்கு ஜெர்மனிக்குள் போய் கார்ல் மார்க்ஸ் பெயர் பெற்றது. மேற்கே பழைய பெயரில் கம்பெனி மீண்டு, பிறகு மண் தோண்டும் எந்திரமும் எஸ்கலேட்டரும் செய்தது.

நான்கு இன்ஜினும் இதையெல்லாம் தாண்டின. 1947 தாண்டின. 738, 739, 740, 741 என்று இந்திய ரயில்வேயின் எண்களைப் பெற்றன. 1950களில் டீசல் இன்ஜின் வந்தது. அதுவும் ஜெர்மனியில் யுங் என்ற கம்பெனி செய்தது. டீசல் வந்த பிறகும் கால் நூற்றாண்டுக்கு மேல் கரி இன்ஜின் ஓய்வெடுக்கவில்லை. 1982 வரை ஓடியது. நம்ம நாகர்கோவிலுக்கு முதல் ரயில் வந்து மூன்று வருடம் கழிந்தும், 1907இன் இன்ஜின் அங்கே மலையேறிக்கொண்டிருந்தது.

செய்தவர் பெயர் தெரிகிறது. பணம் போட்டவர் பெயர் தெரிகிறது. வரைந்தவர், அச்சைக் கண்டுபிடித்தவர், எல்லாப் பெயரும் புத்தகத்தில் இருக்கிறது. எழுபத்தைந்து வருடம் அந்த உருண்டையைக் கடைந்து கடைந்து போட்டவன் பெயரை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. மழைக்காலத்தில் அந்தப் பாதையை மூடிவிடுவது பழைய வழக்கம். அந்த ஈர மாதங்களில் ஷெட்டுக்குள் குனிந்து, விளக்கு வெளிச்சத்தில் அச்சைப் பிரித்துப் போட்டிருக்கிற மராட்டிய பிட்டர்களை நான் அடிக்கடி மனதில் பார்ப்பேன். அவர்கள் கையில் அளவுக்கோல் எப்படி இருந்தது, உருண்டைக்கு எந்த எண்ணெய் விட்டார்கள், எவ்வளவு தேய்ந்தால் மாற்றினார்கள் — இதெல்லாம் அவர்கள் விரலில் இருந்தது, விரலோடு போயிற்று. ஓர் இன்ஜின் வகையின் வரலாறு என்று எழுதும்போது இதில் முக்கால் பங்கு விட்டுப்போகிறது என்பது என் வருத்தம். கோபம் என்றே சொல்லலாம். இந்தச் சபையில் மணல் ஆலையில் எந்திரம் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள், படகு இன்ஜின் பிரித்துப் பூட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள். நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். உங்கள் கைக்குத் தெரிந்ததை உங்கள் பேச்சிலேயே எழுதி வையுங்கள். எழுத வராவிட்டால் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

நான்கில் 740 கடல் தாண்டி இங்கிலாந்து போய்விட்டது. ஒன்று டெல்லி அருங்காட்சியகத்தில். நேரலிலும் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு அதைப் பார்க்கவென்றே போனேன். புதிதாக வண்ணம் அடித்திருந்தார்கள். பிள்ளைகள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையில் முழங்கால் போட்டுக் குனிந்து பார்த்தேன். சட்டம் வெளிப்பக்கம், சக்கரம் உள்பக்கம். கண்ணுக்குக் கிராங்கும் சைடு ராடும்தான் தெரிந்தன. குழல் அச்சு நிழலில் கிடந்தது. உருண்டையைப் பார்க்கவே முடியாது, அது எனக்கு முன்னமே தெரியும். கையை நீட்டினேன். எட்டவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் இருந்தேன். காவலுக்கு நின்ற பையன் வந்து, "தாத்தா, ஏதாவது கீழே விழுந்துவிட்டதா?" என்று இந்தியில் கேட்டான்.

ஊருக்கு வந்ததும் வீட்டுப் பரணிலிருந்து அம்மாவின் புட்டுக்குழலை எடுத்தேன். அதற்குள் தேக்குக் கம்பு ஒன்று வைத்து, நடுவில் மரத்தில் கடைந்த உருண்டை, குறுக்கே ஆணி, இரண்டு பக்கமும் சக்கரம். மூன்று மாதம் ஆயிற்று. இதோ மேசையில் இருக்கிறது. பிள்ளைகளே, இப்போது ஒவ்வொருவராக வாருங்கள். இடது கையால் கம்பைச் சுற்றுங்கள், வலது கையால் குழலைச் சாயுங்கள். சுற்றுவது நிற்காது, பாருங்கள். ஆணி கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறேன். பயப்படாமல் திருப்புங்கள், உடைந்தால் நான் சரி செய்துகொள்வேன்.